ரெஸ் ஆட்டமும் தண்ணுமை ஆசிரியனும்

பறையும் போரும் தமிழர்க்குத் தொடர்பற்றவை அல்ல. திணைதோறும் அமைந்த கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியர், தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் வைத்து எண்ணினார். போர் முரசின் சிறப்பைப் புறநானூறு பலபடப் பேசும். ஆதலின், பகைவரைச் சுட்டு வீழ்த்தும் செயலே இசையாக மாறும் திரை விளையாட்டு ஒன்றைத் தமிழ் மரபு கொண்டு மதிப்பிடுதல் பொருத்தமற்றதாகாது.

1978 இல் ஜப்பானில் நிஷிகாடோ தொமோஹிரோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விண்வெளிப் போர் ஆட்டத்தில் நான்கு தாழ்ந்த சுரங்கள் இடையறாது ஒலிக்கும். பகைவர் தொகை குறையக் குறைய அவ்வொலி விரையும். ஆடுவோன் நெஞ்சும் உடன் விரையும். ஆயினும் அங்கு அவன் இசையைக் கேட்பவனேயன்றி ஆக்குபவன் அல்லன்.

அக்குறையை நிரப்ப முயன்றது, 2001 இல் மிசுகுச்சி தெட்சுயா தயாரிப்பில் வெளிவந்த 'ரெஸ்'. ஓவியர் கண்டின்ஸ்கிக்குப் படைக்கப்பெற்றது இவ்வாட்டம். ஆடுவோன் ஒரே வேளையில் எட்டு இலக்குகள் வரை குறித்து விசையை விடுகின்றான். அவன் விடும் கணம் தாளத்தோடு பொருந்தாவிடினும், சுட்ட ஒலி தாளத்தின் உரிய கூற்றிலேயே வந்து விழுமாறு எந்திரம் இசைத்துக் கொள்கிறது. நிலை ஏற ஏறப் புதிய ஒலிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இசை பெருகுகிறது.

இது யார் செய்யும் பணி? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கூறும் தண்ணுமை ஆசிரியன் பணியே இது. பிற கருவிகளின் குறையை நிரப்புதலும், மிகுதியை அடக்குதலும் அவன் தொழில். ரெஸ் ஆட்டத்தில் அவ்வாசிரியன் இருக்கையில் எந்திரம் அமர்ந்துள்ளது. தாளம் அறியாதவனுக்கும் இசை ஆக்கும் இன்பத்தை அளிப்பது அதன் பெருஞ்சிறப்பு.

குறையும் அதனுள்ளேயே உள்ளது. பகைவன் தாக்கினால் ஆடுவோனுக்கு இழப்பு உண்டு. தாளம் தவறினால் எவ்விழப்பும் இல்லை. 1997 இல் வந்த 'பீட்மேனியா' தவறிய கணத்தைத் தவறென்றே காட்டியது. ரெஸ் அதனை மறைத்து விடுகிறது. மறைக்கப்பட்ட பிழை திருத்தப்படுவதில்லை.

இவ்வேறுபாடு பேராக் தமிழர்க்கு நன்கு விளங்கும். இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. தோட்ட மக்கள் ஈப்போ முதலிய பட்டணங்களில் குடியேறினர். தோட்டக் கோயில்களில் முழங்கிய உறுமியோ அழிந்துவிடவில்லை. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயில் செல்லும் காவடிகளின் முன் இன்றும் அது ஒலிக்கிறது. வளைந்த குச்சியால் ஒருபுறம் தேய்த்து மறுபுறம் கொட்டும் இளைஞன் கை பிழைத்தால், அதனை மூடி மறைக்க அங்கு எந்திரம் இல்லை. உடன் கொட்டுவோர் செவிக்கு அது தப்பாது. காவடி எடுப்போன் அடியும் தடுமாறும். பிறர்பொருட்டுத் தாளம் காக்கும் பொறுப்பு அவனைக் கலைஞன் ஆக்குகிறது.

எனவே ரெஸ் இசைச்சுவையை ஊட்டும் நல்ல ஆட்டம், இசைப்பயிற்சி ஆகாது. மாணவர் விரும்பும் இத்தகைய ஆட்டத்தைத் தமிழாசிரியர் வெறுத்தொதுக்க வேண்டுவதில்லை. அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் நாளில், எந்திரம் மறைத்த பணி யாதென வினவினால், தண்ணுமை ஆசிரியனின் அருமை இளையோர்க்கு எளிதில் புலப்படும். அதன்பின் உறுமியைக் கையில் எடுப்பவன் உண்மைத் தாளத்தைக் கற்பான்.