பிளாக்கர் டெம்ப்ளேட்: எதைத் திறந்துவிடலாம், எதைப் பூட்டலாம்?

நல்ல சிஎஸ்எஸ் வடிவமைப்பு ஒன்று கையில் இருக்கிறது. குறியீடு தெரியாதவரும் நிறம், எழுத்துரு, அகலம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளும்படி அதை வலைப்பூ டெம்ப்ளேட்டாக்க வேண்டும். காசு செலவில்லாமல் இதைச் செய்ய இன்றும் பிளாக்கர் இருக்கிறது. 1999-இல் பைரா லேப்ஸ் தொடங்கி, 2003-இல் கூகுள் வாங்கிய சேவை. தமிழில் வலைப்பூ எழுதிய பலர் தொடங்கியதும் அங்கேதான். தலைப்பு, பதிவு, வலப்பக்கம் ஒரு சைடுபார் என்று சாதாரண கிரிட் வடிவமைப்பு ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன்.

சிஎஸ்எஸ் முழுவதும் 'பி:ஸ்கின்' என்ற டேகுக்குள் போகிறது. அதன் தலைமாட்டில், கமென்ட்டுக்குள், வேரியபிள்களை அறிவிக்க வேண்டும்: பெயர், விளக்கம், வகை, இயல்பு மதிப்பு. வகை நிறம் என்றால் தீம் டிசைனரில் நிறத்தட்டு வந்துவிடும். அகலத்துக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் குறிக்கலாம். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். பயன்படுத்துபவர் பார்ப்பது அதைத்தான்.

இனி சிஎஸ்எஸ்ஸில் நிறம் வரும் இடத்திலெல்லாம் டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு மாற்றத் தேவையில்லை. 'ரூட்' விதியில் மட்டும் பிளாக்கர் வேரியபிளை சிஎஸ்எஸ்ஸின் சொந்த வேரியபிளுக்குக் கொடுத்துவிட்டால் போதும். மீதி வடிவமைப்பைத் தொடவே வேண்டாம். மீடியா குவரி மட்டும் விதிவிலக்கு. அதன் நிபந்தனைக்குள் சிஎஸ்எஸ் வேரியபிள் செல்லாது. பிளாக்கர் வேரியபிளோ பிரௌசருக்குப் போகும் முன்பே எண்ணாகிவிடுவதால் அங்கே அதை நேரடியாக எழுதலாம்.

சைடுபாரை 'பி:செக்‌ஷன்' ஆக்கினால் லேஅவுட் பக்கத்தில் கேட்ஜெட்களை இழுத்துப் போடலாம். எல்லா கேட்ஜெட்டையும் நீக்கிவிட்டால்? வலப்பக்கம் வெறும் பொட்டலாக நிற்கும். காலியான செக்‌ஷனுக்கு பிளாக்கரே 'நோ-ஐட்டம்ஸ்' என்ற கிளாஸைச் சேர்க்கிறது. 'ஹேஸ்' தேர்வியால் அதைப் பிடித்து, கிரிட்டை ஒற்றைப் பத்தியாக்கினால் பதிவு முழு அகலத்துக்கு விரிகிறது. ஒரே வரி வேலை. ஆனால் பல இலவச டெம்ப்ளேட்களில் இதைக் காணோம்.

பொறுமையைச் சோதிப்பது எக்ஸ்எம்எல். கூகுள் ஃபான்ட்ஸ் இணைப்பில் இரண்டு எழுத்துருக்களுக்கு நடுவே வரும் ஆம்பர்சன்டை அப்படியே ஒட்டினால் சேமிக்காது, அதன் எக்ஸ்எம்எல் வடிவத்தை எழுத வேண்டும். பிழைச்செய்தியைப் படித்து இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண வலைப்பதிவரால் முடியுமா என்றால், சந்தேகம்தான்.

எழுத்துருவில் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழ் எழுத்துகள் இல்லாத எழுத்துருவை ஒருவர் தேர்ந்தெடுத்தால், பிரௌசர் அந்தக் கருவியில் கிடைக்கும் ஏதாவது தமிழ் எழுத்துருவைக் காட்டும். போனில் ஒன்று, கணினியில் வேறொன்று. ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலரை இயல்பு மதிப்பாக வைத்து, எழுத்துரு வேரியபிளை நான் பூட்டிவிட்டேன். அளவை மட்டும் திறந்துவைத்தேன். வரி இடைவெளி 1.4 என்றிருந்தது ஆங்கிலத்துக்குச் சரி. மேலே சுழியும் கீழே வாலுமாக வரும் தமிழுக்கு 1.7 ஆவது வேண்டும்.

நிறத்திலும் அதே கண்டிப்புதான். இருபது நிறங்களைத் திறந்துவிட்டால் வெள்ளையில் மஞ்சள் எழுத்து நிச்சயம். முதன்மை நிறம் ஒன்றை மட்டும் கேட்டு, இணைப்பு, பொத்தான், கோடு ஆகியவற்றின் சாயல்களை 'கலர்-மிக்ஸ்' மூலம் அதிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

சிஎஸ்எஸ் தெரிந்தவருக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்; தெரியாதவர் பிளாக்கரிலேயே இருக்கும் கன்டெம்போ, சோஹோ போன்ற தீம்களோடு இருப்பது நல்லது. எதுவானாலும், புது டெம்ப்ளேட்டை ஏற்றுமுன் தீம் பக்கத்தில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஐடி பொருந்தாத கேட்ஜெட்கள் அழிந்துபோகும்.