சாயம் வெளுத்த பிறகு

சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். சாயம் வெளுத்தால் சேலைக்குக் கெட்ட பெயர். ஆளைப் பற்றி அப்படிச் சொன்னாலோ, இன்னும் மோசம். நம்மை நாமே விரும்பச் சொல்லித்தரும் சிறுவர் படக்கதைகளைப் புரட்டும்போது எனக்கு இந்தச் சாயம்தான் நினைவுக்கு வரும். பாதிக் கதைகளில் யாராவது நிறம் மாற்றிக்கொள்கிறார்கள்.

நாம் முதலில் கேட்டது பஞ்சதந்திரத்து நீல நரி. சாயத்தொட்டியில் விழுந்து, காட்டுக்கு ராஜாவாகி, ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. 'நீ நீயாக இரு' என்று சொல்வதுபோலத் தோன்றும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், 'உன் இடத்தை விட்டு நகராதே' என்கிறது. டேவிட் மெக்கீயின் 'எல்மர்' (1968) ஏறக்குறைய இதே கதைதான். பலவண்ணக் கட்டம் போட்ட யானை, எல்லாரையும்போல ஆக வேண்டிப் பழங்களில் புரண்டு சாம்பல் நிறமாகிறது. அதுவும் தன் குரலால்தான் பிடிபடுகிறது; மழை வந்து சாயமும் வெளுக்கிறது. ஆனால் யாரும் விரட்டவில்லை. அந்த நாளைக் கொண்டாட ஆண்டுக்கொருமுறை மற்ற யானைகள் வண்ணம் பூசிக்கொள்கின்றன. இரண்டு கதையிலும் சிரிப்பு உண்டு. நரியைப் பார்த்துக் காடு சிரிக்கிறது. எல்மரோடு சேர்ந்து கூட்டம் சிரிக்கிறது.

கடைசியில் அழகான அன்னமாகிவிடும் ஆண்டர்சனின் அசிங்கமான வாத்துக்குஞ்சு (1843) மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கடைசிவரை அன்னமாகாத குஞ்சு என்ன செய்யும்? வில்லியம் ஸ்டைக்கின் 'ஷ்ரெக்' (1990) இதற்குக் கெக்கலித்துப் பதில் சொல்கிறது. கண்ணாடி மண்டபத்தில் கோரமான உருவங்களைக் கண்டு நடுங்கும் பூதம், எல்லாம் தானேதான் என்று தெரிந்ததும் பூரித்துப்போகிறது.

நம் பக்கம் இந்தச் சிரிப்பு எளிதில் வராது. 1975இல் வந்த சிவப்பழகு க்ரீம் ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதைக் கழற்றிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்கள் கழலவில்லை: கருவாயன், தெத்துப்பல்லி, குண்டு பூசணி. சினிமா நகைச்சுவையும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து வந்தது. அதனால் நம் குழந்தைக்குச் சிரிப்பு என்றாலே யாருடைய உடம்பையாவது பார்த்துச் சிரிப்பதுதான். அறிவுரைப் படக்கதைகள் இதை உணர்ந்து சிரிப்பையே விட்டுவிடுகின்றன. கஷாயம்தான் மிஞ்சுகிறது.

அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து, சென்னை துலிகா வெளியிட்ட 'கஜபதி குலபதி' அப்படி விடவில்லை. சளி பிடித்த யானை தும்முகிறது, கதை அவ்வளவே. அழகு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் நான் இதை இந்த வரிசையில்தான் வைப்பேன். அவ்வளவு பெரிய உடம்பு இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய தும்மல் ஏது? கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் தந்த சின்னப் புத்தகங்களோ, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்துத் தமிழ்க் கதைகளோ, எது கைக்கு வந்தாலும் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகங்கள் சண்டையிட, கோமதி அம்மன் தவமிருந்து, பாதிப்பாதியாகச் சங்கரநாராயணர் காட்சி தந்த ஊர் எங்கள் சங்கரன்கோவில். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை குனிந்து கேட்கும்: "ஏன் தாத்தா, சாமி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல?"