கடைமடைச் சுண்ணாம்பு

ஆழ்வார்திருநகரிக்காரனுக்குக் கடைமடை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தாமிரபரணியின் எட்டுப் பழைய அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்துக்கும் கீழே இருக்கிறது எங்கள் ஊர். பல்லுக்கும் கடைமடை உண்டென்பது வேர் சிகிச்சை நாற்காலியில் மல்லாந்தபோதுதான் தெரிந்தது.

வேர்க்குழாயில் கிருமி அடங்க வைத்து மூடும் மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்துச் சுண்ணாம்பேதான்! ஒட்டிக்கொண்டு போகாத குணமும் அதேதான். மிச்சம் இருந்தால், பிறகு அடைக்கும் பசை சுவரில் சரியாகப் பிடிக்காது. அதைக் கழுவச் சிரிஞ்சில் பீய்ச்சும் திரவம் ஊசிமுனையைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. வேர்நுனி தண்ணீர் காணாத வயல். வேர்க்குழாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் சுண்ணாம்பைக் கரைக்காது. கால்சியத்தைக் கவ்வி இழுக்க 17 சதவீத இடிடிஏ வேண்டும். அப்புறம் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அல்ட்ராசானிக்கில் அதிரவைத்தால், திரவமே சுழன்று சுவரைத் தேய்க்கிறது. வெறும் ஊசியைவிட இது மேல் என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் நுனியில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறதாம்.

அந்த வண்டு ரீங்காரம் எனக்குப் பிடித்துப்போனது. மருத்துவர் குனிந்து பார்த்தார். “இன்னும் வெள்ளையா வருது, அண்ணாச்சி” என்று மறுபடி சிரிஞ்சை நிரப்பினார்.