மந்தர ஸ்தாயி

தாழ்ந்த ஸ்வரம் என்றால் பலமான ஸ்வரம் என்று ஓர் எண்ணம் ரஸிகர்களிடையே இருக்கிறது. பெரிய வாத்தியம், பெரிய சத்தம். பாரிடோன் ஸாக்ஸபோனைப் பற்றிய புகழ்ச்சியில் பாதி இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அது தப்பு என்பது என் கட்சி. அந்த வாத்தியத்தில் கீழ் ஸ்வரத்தை உரக்க ஊதுவது அப்படியொன்றும் பெரிய காரியம் அல்ல. மெதுவாக, தொட்ட மாத்திரத்தில் பேசும்படி ஊதுவதுதான் வித்தை. அதைச் செய்தவர்களில் அமெரிக்காவின் ஹாரி கார்னிக்கு இணையாக இன்னொருவர் பெயரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நம்மில் பெரும்பாலோர் ஸாக்ஸபோனை அறிந்தது, 2019-ல் காலமான கத்ரி கோபால்நாத் மூலமாக. அவர் வாசித்தது ஆல்டோ. பாரிடோன் அதற்கு அண்ணன் முறை. விரல் வைக்கும் கிரமம் அதேதான். ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. குழாயை நிமிர்த்தி நீட்டினால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். அதனால் கழுத்தருகே ஒரு சுற்றுச் சுற்றி மடக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாத் துவாரங்களையும் மூடிப் பழைய அமைப்பு வாத்தியத்தின் கடைசி ஸ்வரத்தை ஊதினால், விநாடிக்குச் சுமார் 69 அதிர்வுகள். அரை ஸ்வரம் இன்னும் கீழே இறங்கும் வாத்தியங்களும் பின்னால் வந்தன.

எல்லாத் துவாரங்களையும் மூட வேண்டும் என்பதில்தான் சங்கடம். மேலே எங்கோ ஒரு மூடியின் தோல் மயிரிழை தூக்கியிருந்தால் போதும், கீழ் ஸ்வரம் மோட்டார்ப் படகு மாதிரி படபடக்கும். இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி மேலே துள்ளிவிடும். இதற்கு வாத்தியக்காரர்கள் ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். வாத்தியத்தின் அகன்ற வாய்க்குள் ஒரு தக்கையைப் போட்டுவிடுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் பல சமயம் பலிக்கிறது.

மூடிகளில் கோளாறு இல்லையென்றால் குற்றம் வாசிக்கிறவனுடைய வாயில். வாய்க்குள் இருப்பது ஒற்றை நாணல் பட்டை. நாகஸ்வரத்துச் சீவாளி போல் இரட்டையல்ல. பயந்தவன் அதைக் கடிக்கிறான். கடிபட்ட பட்டை நிதானமாக அசைய மறுக்கிறது. கீழே இறங்க இறங்கத் தாடை தளர வேண்டும். கொட்டாவி விடுகிறவன் போலத் தொண்டை திறக்க வேண்டும். காற்று முட்டித் தள்ளாமல் நிறைய, ஒரே சீராகப் போக வேண்டும். வேகமாக ஊதும்போது காற்றின் பலமே பல பிழைகளைச் சமாளித்துக் கொடுத்துவிடும். மெதுவாக வாசிக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. வாய் தளர்ந்தும் மூச்சு தளராமலும் இருக்க வேண்டிய அந்த இடம் மிகக் குறுகல்.

கார்னி 1910-ல் பாஸ்டனில் பிறந்தவர். 1927-ல், 17 வயதில், ட்யூக் எல்லிங்டனின் குழுவில் சேர்ந்தார். அப்புறம் வேறு இடம் போகவில்லை. ஊர் ஊராகக் குழு பஸ்ஸில் போகும். எல்லிங்டன் கார்னி ஓட்டும் காரில் போவார். 1974 மே மாதம் எல்லிங்டன் இறந்தார், அக்டோபரில் கார்னி. இதைச் சொல்லி உருகுகிறவர்கள் பலர். அந்த உருக்கத்தில் வாசிப்பு மறந்துபோகிறது என்பது என் குறை.

மேல் ஸ்வரங்களுக்குக் கோல்மன் ஹாக்கின்ஸையும், கீழ் ஸ்வரங்களுக்கு பாஸ் ஸாக்ஸபோன் வாசித்த ஏட்ரியன் ரோலினியையும் மனத்தில் வைத்துக்கொண்டே தம் குரலை உருவாக்கிக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். பலன் என்னவென்றால், மேலேயிருந்து கீழே வரும்போது அவர் குரல் எங்கேயும் முறிவதில்லை. ஒரே மனிதர் மாடியிலிருந்து இறங்கி வருகிறார், ஆள் மாறுவதில்லை. எல்லிங்டன் இதைத் தெரிந்து எழுதினார். ஐந்து ஸாக்ஸபோன்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில், பாரிடோனுக்கு ஆதார ஸ்வரத்தைக் கொடுத்து மூலையில் உட்கார வைப்பது சாதாரண வழக்கம். அவரோ பல இடங்களில், அந்தச் சேர்க்கைக்கே குணம் கொடுக்கிற, கொஞ்சம் உறுத்துகிற ஸ்வரத்தைக் கார்னியிடம் ஒப்படைத்தார். கதையில் நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போகிற பாட்டியம்மாள், அந்த வீட்டின் நியாயம் முழுவதையும் கையில் வைத்திருப்பதில்லையா? அந்த மாதிரி.

'ஸொஃபிஸ்டிகேட்டட் லேடி' என்ற உருப்படியை அவருக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். முடிவில் மூச்சு முறியாமல் ஒரே ஸ்வரத்தை நீட்டிக்கொண்டே போவார். மகுடிக்காரன் கன்னத்தில் காற்றைத் தேக்கிவைத்து மூக்கால் மூச்சு வாங்குகிறானே, அதே தந்திரம். சபை ஆரவாரம் செய்யும். செய்யட்டும். ஆனால் நீளத்தை அளக்கக் கடிகாரம் போதும். அதற்கு ரஸிகன் எதற்கு? அதே உருப்படியில் முன்னால், யாரும் கை தட்டாத இடங்களில், ஒரு சொற்றொடரின் கடைசி ஸ்வரத்தில் அவர் வந்து அமர்கிற அழகைக் கேட்க வேண்டும்.

ஜெர்ரி மல்லிகன் கட்சியினர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1952-ல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோ இல்லாத நால்வர் குழு ஒன்றை அமைத்தார் மல்லிகன். செட் பேக்கரின் ட்ரம்பெட் பாடும்போது, பாரிடோன் அடியில் இரண்டொரு ஸ்வரம் சொல்லிவிட்டு ஒதுங்கும். பியானோ இல்லாத குறையே தெரியாது. கெட்டிக்காரத்தனம், சந்தேகமில்லை. ஆனாலும் தாம் தலைமை வாங்கும்போது அவர் மனம் நடு ஸ்தாயியையே நாடுகிறது. கீழே அவர் வந்து போகிறவர்; குடியிருப்பவர் அல்ல.

உரக்க வாசிப்பதெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சார்லஸ் மிங்கஸ் 1959-ல் பதிவு செய்த 'மோனின்' பெப்பர் ஆடம்ஸின் பாரிடோனில் தனியாகத் தொடங்குகிறது. கரடுமுரடான குரல், மண்ணைக் கிளறுகிற மாதிரி. அங்கே அதுதான் தேவை. மெருகு வந்திருந்தால் கெட்டிருக்கும். ஆடம்ஸைப் பார்த்துத் தேவையில்லாத இடத்தில் உறுமுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

என்னோடு வாதம் செய்ய விரும்புகிற வாசகர், 1958-ல் நியூபோர்ட் விழாவில் எல்லிங்டன் குழுவோடு மல்லிகனும் கார்னியும் சேர்ந்து வாசித்த 'ப்ரைமா பாரா டுப்லா'வைத் தேடிக் கேட்கலாம். இரண்டு பாரிடோன்கள், ஒரே மேடை. யார் வாசிக்கிறார் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம். கனம் குறைந்த குரல் மல்லிகனுடையது. இன்னொன்று எதிரில் வரும்போது தாமாகவே தெரிந்துவிடும்.