முகப்பும் உள்ளடக்கமும்

கலை இலக்கியங்களில் உருவம் பெரிதா, உள்ளடக்கம் பெரிதா என்னும் வினா நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கவிதை, சிறுகதை, நாவல் என்பவற்றோடு அவ்வினாவை நிறுத்திக்கொள்வதே நமது வழக்கம். ஆயின் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் நூல்கள் இவை மாத்திரமல்ல. நகரசபை ஒன்று தனது கடைத்தெருவைப் பற்றி இயற்றும் விதியும் ஒரு வகையில் நூலே. அதற்குச் சொல்லும் பொருளும் உண்டு. சொல்லாது விட்ட பொருளும் உண்டு. அத்தகைய விதியொன்றை, இலக்கியத்தை ஆராயும் முறையிலேயே ஆராய்ந்து பார்ப்பது பயனுடைத்து.

அவ்விதி 1957 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் தலைநகராகிய சாந்தா ஃபேயில் இயற்றப்பட்டது. எங்கோ உள்ள ஓர் ஊரின் சுவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என வாசகர் கேட்கலாம். வணிகன் ஒருவன் தன் கடையின் வெளிச்சுவரை எப்பொருளால் அமைக்கவேண்டும் என்று விதிப்பதற்கு ஊருக்கு உரிமை உண்டா? உண்டெனின், அவ்வுரிமை சுவரோடு நின்றுவிடுமா? இவ்விரு வினாக்களும் அந்நகரில் நீதிமன்றம்வரை சென்று விடை பெற்றன. நகரசபைகளும் வணிகரும் உள்ள எந்த நாட்டினருக்கும் அவ்விடைகள் பயன்படுவனவாகும்.

விதியைப் புரிந்துகொள்வதற்கு ஊரின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். சாந்தா ஃபே ஸ்பானியரால் 1610 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. அவர்கள் வருமுன்னரே அப்பகுதியின் ஆதிக்குடிகளாகிய புவெப்லோ மக்கள் மண்ணால் வீடு கட்டி வாழ்ந்தனர். மண்ணை வைக்கோலுடன் பிசைந்து, அச்சிலிட்டு, வெயிலில் உலர்த்திக் கல்லாக்கும் முறையை ஸ்பானியர் கொணர்ந்தனர். சூளையிற் சுடப்படாத இப்பச்சைக்கல்லையே அங்கு ‘அடோபி’ என்பர். தடித்த சுவர், சிறிய சாளரம், தட்டையான கூரை, சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் உருட்டு மரங்களின் நுனி ஆகியன அக்கட்டடக் கலையின் இயல்புகள். பகலிற் கடும் வெயிலும் இரவிற் குளிரும் நிலவும் அந்நாட்டில், ஏழை உழவனுக்குக் கையருகே கிடைத்த பொருள் இத்தகைய உருவத்தைப் பெற்றது. மண் சுவரையும் சாணி மெழுகிய திண்ணையையும் அறிந்த நமக்கு இது விளங்குதற்கு அரியதன்று. நமது கிராமங்களிற் போலவே அங்கும் சுவருக்கு மண் பூசி மெழுகுவது பெண்களின் தொழிலாக இருந்தது. ‘எஞ்ஞராதோரா’ என்று ஸ்பானிய மொழியிற் குறிக்கப்படும் அப்பெண்கள் மழை கரைத்த பூச்சைக் காலந்தோறும் புதுப்பித்து வந்தனர்.

1846 இல் அமெரிக்கப் படை அந்நகரைக் கைப்பற்றியது. 1880 இல் புகையிரதம் வந்தது. செங்கல்லும் வார்ப்பிரும்பும் பெரிய கண்ணாடிகளும் அதனோடு வந்து சேர்ந்தன. மண் சுவர் பிற்போக்கின் அடையாளமெனக் கருதப்பட்டது. கடைத்தெரு செங்கல் முகப்புக்களைப் பூண்டது. ஸ்பானிய ஆளுநரின் பழைய மாளிகைக்குங்கூட விக்டோரியா காலத்துப் பாணியில் ஒரு முன்றிலைக் கட்டினார்கள். ஆயினும் புகையிரதத்தின் பிரதான பாதை நகரை விலகிச் சென்றது. கிளைப் பாதையொன்றே ஊருக்குட் புகுந்தது. வணிகம் தளர்ந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத் தகுதி பெற்ற 1912 ஆம் ஆண்டிலே நகரத் தலைவர்கள் புதிய வழியொன்றைக் கண்டனர். நேற்றுவரை வெட்கத்துக்குரியதாயிருந்த மண் சுவரே உல்லாசப் பிரயாணிகளைக் கவரும் செல்வம் என்பதை உணர்ந்தனர். 1913 இல் ஆளுநர் மாளிகையின் முன்றில் அகற்றப்பட்டது. அதனிடத்திற் பழமையின் சாயல் கொண்ட புதிய தாழ்வாரம் எழுந்தது. சாந்தா ஃபேயின் ‘பழமை’ இவ்வாறே இருபதாம் நூற்றாண்டிற் செய்யப்பட்டது. கிறிஸ் வில்சன் என்னும் ஆய்வாளர் 1997 இல் வெளியிட்ட ‘சாந்தா ஃபே என்னும் ஐதீகம்’ என்ற நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இப்போக்கின் உச்சமே 1957 ஆம் ஆண்டு விதி. ஜோன் கோ மீம் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டார். பழைய நகர்ப்பகுதியில், வீதியிலிருந்து காணக்கூடிய முகப்புக்கள் யாவும் குறித்த பாணியில் அமைதல் வேண்டும். சுவரின் நிறம் மண்ணின் நிறமாயிருத்தல் வேண்டும். சாளரத்தின் தனிக் கண்ணாடி ஒவ்வொன்றும் 30 அங்குலச் சதுரத்துக்கு மேற்படலாகாது. ஆனால் சுவர் மண்ணாலேயே ஆக்கப்படவேண்டும் என்று விதி கோரவில்லை. மண் பூச்சுப் போலத் தோன்றும் சீமெந்துப் பூச்சே போதுமானது. உள்ளே உருக்குச் சட்டமோ கொங்கிறீற்றோ எதுவும் இருக்கலாம்.

இவ்விதியை முதலில் எதிர்த்து நின்றது வணிக உலகமே. கம்பிள்-ஸ்கொக்மோ என்னும் சில்லறை வணிகக் கம்பனி தனது கட்டடத்தைப் புதுக்கியபோது, விதித்த அளவினும் பெரிய கண்ணாடிகளைப் பொருத்தியது. வழக்கு மாநில உயர் நீதிமன்றம்வரை சென்றது. அழகு கருதி ஒருவனுடைய சொத்துரிமையைக் கட்டுப்படுத்த நகரசபைக்கு அதிகாரமில்லை என்பது கம்பனியின் வாதத்தின் சாரம். 1964 இல் நீதிமன்றம் நகரசபையின் பக்கமே தீர்ப்பளித்தது. வரலாற்றுப் பகுதியின் பாணியைக் காப்பது பொதுநலத்தின்பாற்பட்டது. பொதுநலத்துக்காகச் சொத்தின் பயன்பாட்டை ஊர் கட்டுப்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பாற் பெறப்படும் கருத்து. சொத்துரிமையைத் தெய்வமாகக் கொண்டாடும் நாட்டிலே இது சிறு விடயமன்று. முப்பது அங்குலக் கண்ணாடியின் பேரால் ஒரு தத்துவமே ஏற்றுக்கொள்ளப்பட்டது எனலாம்.

இத்தத்துவத்தை நாம் வரவேற்றல் வேண்டும். வீதியின் அழகு பணமுள்ளவனது விருப்பத்துக்கு விடப்பட வேண்டியதன்று. அது அவ்வீதியில் நடப்போர் யாவர்க்கும் பொதுவானது. அழகுணர்ச்சி செல்வர்க்கு மட்டுமே உரியது எனக் கூறும் முற்போக்காளர் தம்மையறியாமலே செல்வரின் கட்சியிற் சேர்கின்றனர். மண்சுவரின் வளைவிலும் மென்மையிலும் உள்ள அழகு உழைக்கும் பெண்ணின் உள்ளங்கை இட்ட அழகாகும்.

எனினும் விதியின் நோக்கவுரையைப் படிக்குமிடத்து நமது மகிழ்ச்சி குறைகின்றது. நகர மக்களின் பொருளாதார, பண்பாட்டு நலனே குறிக்கோள் என அது தொடங்குகின்றது. பின்னர் அந்நலன் யாது என விளக்குமிடத்து, இசைவான வெளித்தோற்றம் சொத்துக்களின் பெறுமதியைப் பேணும் என்றும், உல்லாசப் பிரயாணிகளையும் குடியிருப்போரையும் ஒருங்கே கவரும் என்றும் கூறுகின்றது. சுவரை ஆக்கிய கைகளைப் பற்றிய சொல் அங்கு இல்லை. அச்சுவருக்குள் வாழ்ந்தவர் தொடர்ந்து அங்கு வாழ்தல் வேண்டும் என்பதும் அங்கு இல்லை. நூலின் பொருளைச் சொற்களில் மட்டும் தேடலாகாது, அதன் மௌனத்திலும் தேடல் வேண்டும் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். இவ்விதியின் மௌனம் மிகப் பெரியது.

அம்மௌனத்தின் விளைவு யாது? சொத்துக்களின் பெறுமதி பேணப்பட்டதோடு பன்மடங்கு உயர்ந்தும் விட்டது. நகரின் கீழ்ப்பகுதியில், கன்யன் வீதியிலும் அதன் அயலிலும், தலைமுறை தலைமுறையாக மண்வீடுகளில் வாழ்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் பல, வரியும் விலையும் ஏற ஏற வெளியேறின. அவர்களுடைய வீடுகள் ஓவிய விற்பனைக் கூடங்களாகவும் செல்வரின் மனைகளாகவும் மாறின. பச்சைக்கல்லால் வீடு கட்டுவதற்கு மிகுந்த உடலுழைப்பு வேண்டும். உழைப்புக்குக் கூலி கொடுக்கவேண்டிய இக்காலத்தில் ஏழையின் மண்வீடு பணக்காரனது ஆடம்பரமாகிவிட்டது. ஏழையோ நகரின் தென்மேற்கு ஓரத்தில், ஆலையிற் செய்து இழுத்துவந்து நிறுத்தப்பட்ட வீடுகளில் வாழ்கின்றான். மண்ணிறச் சுவர்களுக்குள் இயங்கும் விடுதிகளில் அறை துடைப்போரும் கோப்பை கழுவுவோரும் பலர் அயலூர்களிலிருந்து நாள்தோறும் வந்து போகின்றனர். உருவம் காக்கப்பட்டது, அவ்வுருவத்தைப் பிறப்பித்த வாழ்க்கை காக்கப்படவில்லை.

உள்ளடக்கத்தினின்றும் பிரிக்கப்பட்ட உருவம் உள்ளடக்கத்தையே அழிக்கும் என்பதற்கு அம்மாநிலத்திலேயே கண்கூடான சான்றொன்று உண்டு. சாந்தா ஃபேக்கு வடக்கே ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்னும் ஊரிலே, ஓவியரும் புகைப்படக் கலைஞரும் போற்றும் மண் தேவாலயம் ஒன்றுள்ளது. ஆண்டுதோறும் மண் பூசும் வேலையைக் குறைக்கக் கருதி 1967 இல் அதற்குச் சீமெந்துப் பூச்சிட்டனர். வெளியே சுவர் உறுதியாகத் தோன்றிற்று. உள்ளேயோ, புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிப் பச்சைக்கற்களை அரித்தது. 1979 இல் அப்பூச்சை உடைத்தெறிந்து, ஊரவர் மீண்டும் தம் கைகளாலே மண் பூசினர். அன்றுதொட்டு ஆண்டுதோறும் அவர்கள் கூடி அப்பணியைச் செய்து வருகின்றனர். மண்சுவர் நிலைப்பது அதன் நிறத்தால் அன்று. அதைப் பேணும் மக்கள் அருகே வாழ்வதாலேயே அது நிலைக்கின்றது.

இவ்வாறாயின் இத்தகைய விதிகளை ஒழித்துவிடுவதே தக்கது எனச் சிலர் முடிவு கட்டலாம். அயல் மாநிலமாகிய டெக்சாஸ் அதனையும் செய்து பார்த்தது. அங்குப் பல நகரங்கள் வீடுகளின், கடைகளின் வெளிச்சுவரிற் பெரும்பகுதி செங்கல்லாகவோ கருங்கல்லாகவோ இருத்தல் வேண்டுமென விதித்திருந்தன. இவ்விதிகள் விலை குறைந்த வீடுகளையும் அவற்றை வாங்கக்கூடிய மக்களையும் ஊருக்கு வெளியே நிறுத்தின என்ற குற்றச்சாட்டில் உண்மையுண்டு. 2019 ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசிய மாதிரிக் கட்டட விதிக்கோவைகள் ஏற்கும் எப்பொருளையும், வரலாற்றுப் பகுதிகள் போன்ற சில இடங்கள் தவிர, நகரசபை தடுக்கலாகாது என்பது அதன் சாரம். கட்டடக் கம்பனிகள் அதனை வரவேற்றன; செங்கல், கல் தொழிற்றுறையினர் எதிர்த்தனர். சட்டம் பேசியது பொருள் விற்போர், கட்டுவோர் ஆகியோரின் சுதந்திரத்தையே. மலிவான பொருளால் மிச்சமாகும் பணம் வீடு வாங்குவோனுக்கோ வாடகைக்கு இருப்போனுக்கோ சேர்தல் வேண்டுமென அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரின் கையிலிருந்த அதிகாரம் பறிக்கப்பட்டது. அது ஏழையின் கைக்குச் சென்று சேரவில்லை.

ஆகவே விதி வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவதால் நாம் உண்மையை அடையமாட்டோம். விதி எதுவரை செல்லுகின்றது என்பதே கேட்கத்தக்க வினா. இதற்கு விடை கூறியதும் அதே சாந்தா ஃபே நகரமே என்பது மனங்கொளத்தக்கது.

2003 ஆம் ஆண்டிலே அந்நகரசபை வாழ்க்கைக்கூலி விதி ஒன்றை நிறைவேற்றியது. 25 பேருக்குக் குறையாத தொழிலாளரை வைத்திருக்கும் நிறுவனங்கள், 2004 முதல் மணித்தியாலத்துக்கு 8.50 டொலர் கூலி கொடுத்தல் வேண்டும். நாடளாவிய குறைந்தபட்சக் கூலி அப்போது 5.15 டொலராகவே இருந்தது. வணிகர் மீண்டும் நீதிமன்றம் ஏறினர். உணவுச்சாலை உரிமையாளரும், தடையற்ற தொழில்முயற்சியின் பேரால் அமைந்த சங்கமொன்றும், தனியார் கொடுக்கும் கூலியை நிர்ணயிக்க நகரசபைக்கு அதிகாரமில்லை என வாதாடினர். 2005 இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் நகரசபைக்கு அவ்வதிகாரம் உண்டெனத் தீர்த்தது. பின்னர் அவ்விதி சிறிய நிறுவனங்களுக்கும் விரிக்கப்பட்டது.

1964 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2005 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சட்ட நுணுக்கங்களில் வேறுபட்டவை. ஆயினும் வணிகர் எழுப்பிய குரல் இரண்டிலும் ஒன்றே: எமது கடை, எமது விருப்பம் என்பதே அது. ஊர் கூறிய மறுமொழியும் ஒன்றே: உமது கடை எமது தெருவில் நிற்கின்றது என்பதே அது. கடையின் சாளரம் எத்தனை அங்குலம் என்று கூற ஊருக்கு உரிமையுண்டெனின், அச்சாளரத்தைத் துடைப்பவளுக்கு எத்தனை காசு என்று கூறவும் ஏன் உரிமை இருத்தலாகாது? முதலாவதைச் சொல்ல அந்நகரம் துணிந்த பின், இரண்டாவதைச் சொல்வதற்கு 46 ஆண்டுகள் சென்றன. முகப்பிலிருந்து உள்ளடக்கத்துக்குச் செல்லும் தூரம் அத்துணை நீண்டது. கூலி உயர்ந்ததனால் வெளியேறிய குடும்பங்கள் திரும்பி வந்துவிடவில்லை. வீட்டு வாடகை என்னும் மலை இன்னும் நிற்கின்றது. எனினும் வழி எத்திசையில் உள்ளதென்பது தெரிந்துவிட்டது.

சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையை உயர்தர வகுப்பிற் கற்பிக்கும்போது நான் இதனை நினைப்பதுண்டு. புகார் நகரைக் காட்டவந்த இளங்கோவடிகள் உயர்ந்த மாடங்களை மட்டும் காட்டி அமையவில்லை. மருவூர்ப்பாக்கத்தின் தெருக்களில் அப்பம் சுடுவோரையும் மீன் விற்போரையும் உப்பு விற்போரையும், மண்ணைக் கொண்டு தொழில் செய்யும் மண்ணீட்டாளரையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றார். நகரம் என்பது அவர்களே என்ற உணர்வு அப்பட்டியலில் உண்டு. நமது ஊர்களிலும் நாளை யாரேனும் வீதியை அழகுபடுத்தவும் பழமையைக் காக்கவும் விதி இயற்ற வரக்கூடும். அப்போது ஆசிரியரும் மாணவரும் அவ்விதியை நூலாகக் கருதிப் படித்தல் வேண்டும். அழகை அவர்கள் மறுக்க வேண்டியதில்லை. அவ்விதியில் மண்ணீட்டாளருக்கு இடமுண்டா என்று கேட்டல் வேண்டும். இல்லையெனின் அவ்விடத்தை எழுதுவிக்கும்வரை ஓயாதிருத்தல் வேண்டும்.