கிராமம் ஏறியது, வீடு ஏறவில்லை

1865இல் தொடங்கிய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் தலைமைக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க 2022 வரை ஆயிற்று.

5ஜி தரநிலை உருவானபோது, டிஎஸ்டிஎஸ்ஐ என்ற இந்திய அமைப்பு அங்கே நம் கிராமங்களுக்காக வாதாடியது. கோபுரத்துக்குக் கோபுரம் 6 கிலோமீட்டர் இருந்தாலும் சிக்னல் எட்ட வேண்டும் என்ற அதன் சோதனை நிபந்தனையை ஒன்றியம் ஏற்றது. சின்ன வெற்றியல்ல. நகரத்தை மனத்தில் வைத்து எழுதிய ஏட்டில் கிராமம் ஏறியது.

அந்தக் கிராமத்தில் தூரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது; வீடு இல்லை. பாபநாசம் பக்கம் நடவு வயலில் குனிந்து நிற்பவர்கள் பெண்கள். வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் யாருடைய சட்டைப்பையில் போகிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தானே பயன்படுத்தும் கைபேசி உண்டு என்ற இந்தியப் பெண்கள் ஏறக்குறைய 54 சதவீதம். தமிழ்நாட்டில் நான்கில் மூவர் (பெருமைப்படலாம், நான்காமவளிடம் கேட்காதவரை).

இதற்குப் பொறியாளர் என்ன செய்வார் என்கிறார்கள். ஒரு சிம்முக்கு ஒரு சந்தாதாரர் என்று வரையறுத்தது யார்? மாமியார், மருமகள், பள்ளிப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே போன் என்றால் அந்தச் சந்தாதாரர் பெரும்பாலும் வீட்டு ஆண்தான். குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் மனைவி. ஓடிபி வருவது கணவன் எண்ணுக்கு.