ரீட்வீட்டில் எல்லை தாண்டுவது யார்?

ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் தேசம் கடந்த அரசியல் செய்கிறார்களா, இல்லை ஊர் அரசியலையே பிரசல்ஸுக்குத் தூக்கிட்டுப் போறாங்களா? 2016-ல் பிளாஸ் ஒன் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஸ்லோவேனியாவின் ஜோசஃப் ஸ்டெஃபான் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. யார் யாரோடு சேர்ந்து ஓட்டுப் போடுகிறார்கள், யார் யாரை ரீட்வீட் செய்கிறார்கள் என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். நல்ல யோசனை.

எனக்கு இடிப்பது ஒரே இடம். ரீட்வீட் என்றால் ஆதரவு. ஒரே கட்சிக்குழுவுக்குள் ரீட்வீட் நடந்தால் அது குழுவின் ஒற்றுமை. அப்படியா?

இ.எஃப்.டி.டி குழுவை எடுத்துக்குவோம். 2014-ல் 48 பேர். அதில் பிரிட்டனின் யூகிப் 24, இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கம் 17. குழு அமைக்க 25 உறுப்பினர்கள், குறைந்தது 7 நாடுகள் வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த அக்டோபரில் ஒரு லாட்வியப் பெண் உறுப்பினர் விலகியதும் குழுவே கலைந்தது. சில நாளில் ஒரு போலந்துக்காரர் சேர்ந்ததும் உயிர் வந்தது. ஒட்டுப்போட்ட சட்டை!

இப்போ கணக்கைப் பாருங்க. யூகிப்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில், இத்தாலியர்கள் தங்களுக்குள் இத்தாலியனில் ரீட்வீட் செய்துகொண்டாலே குழு ஒற்றுமை எகிறும். நடுவில் ஒரு ரீட்வீட்கூட வேண்டாம். சுத்தமான உள்நாட்டு அரசியல், தேசம் கடந்த ஒற்றுமை என்று பதிவாகிவிடும்.

ஆபீஸில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கேன். இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே ஓடும் டிராஃபிக்கை அளக்கச் சொன்னால், உள்ளுக்குள் ஓடியதையும் சேர்த்து எண்ணிட்டேன். இணைப்பு அறுந்த அன்றும் என் கிராஃப் அமோகமாக ஏறியது.

மறுபக்கமும் உண்டு. அவையில் 24 ஆட்சிமொழிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் மறுபடி சீட் தரப்போவது உள்ளூர்க் கட்சி, ஓட்டுப் போடப்போவது உள்ளூர் ஜனம். இத்தாலிய உறுப்பினர் லாட்விய மொழி ட்வீட்டைப் பகிராததை தேசியவாதம் என்று சொல்லிவிட முடியாது.

என்னைக் கேட்டால் மூன்றாகப் பிரித்து எண்ணணும்: ஒரே கட்சி, ஒரே நாடு, வேறு குழு, ஒரே குழு, வேறு நாடு. கேள்விக்குப் பதில் மூன்றாவதில்தான் இருக்கிறது. அது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் சரி, அதைத் தனியாகக் காட்டணும்.